ஒரு கலம் நெல்லும் இரண்டின் எட்டாம் அடுக்கும்

(2க³ச²)⁴ × (க²ச)⁻³ ÷ (4க²ச)²

பார்த்தவுடன் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 'சுருக்குக' என்று ஒரே ஒரு சொல்லில் கேட்டிருக்கிறார்கள். சுருக்கித்தான் பார்ப்போமே.

முதல் அடைப்புக்குறிக்கு வெளியே நான்கு நிற்கிறது. அது உள்ளே இருக்கும் ஒவ்வொருவரையும் தொட்டாக வேண்டும். 2⁴ என்றால் 16. க³ நான்கு தடவை, முந்நான்கு பன்னிரண்டு, க¹². ச² நான்கு தடவை, ச⁸. அடுத்த அடைப்புக்குறிக்கு வெளியே மைனஸ் மூன்று. அதை அவிழ்த்தால் க⁻⁶, ச⁻³. கடைசி அடைப்புக்குறி வர்க்கம். 16, க⁴, ச² என்று பிரியும். இனிமேல் ஒன்றாம் வகுப்புக் கணக்குதான் பாக்கி. மேலே இருக்கும் 16-ஐக் கீழே இருக்கும் 16 அடித்துவிட்டது. க-வின் தலையில் 12 இருந்தது. ஆறு போய், இன்னும் நான்கு போய், இரண்டு நிற்கிறது. ச-வின் தலையில் எட்டு. மூன்று போய், இரண்டு போய், மூன்று நிற்கிறது.

விடை: க²ச³.

ஐயோ, என்ன ஒரு சுகம்! அத்தனை அடைப்புக்குறியும், அத்தனை அதட்டலும், கடைசியில் இந்த இரண்டே எழுத்துக்குத்தானா? இதை எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. விடை தெரிந்த பிறகும் போடுகிறேன். தெரிந்த ராகத்தை மறுபடி கேட்பது மாதிரி.

நான் கணக்கு வாத்தியார் இல்லை. காரைக்காலில் நெல் மண்டியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். கூட்டல், கழித்தல், வட்டி, தரகு, இவைதான் என் உலகம். அடுக்குக்குறி விதிகளைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதி, அன்றைக்கே மறந்த தலைமுறை நான். இங்கே இப்போது அரசுப் பள்ளிகளிலும் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம் வந்துவிட்டது. பேத்திக்குப் புத்தகம் ஆங்கிலத்தில். "தாத்தா, இதைத் தமிழ்ல சொல்லேன்" என்று அவள் வந்து உட்கார்ந்ததில்தான் எனக்கு இந்தப் பித்து பிடித்தது. அவள் பரீட்சை எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாள். நான் இன்னும் அந்த அதிகாரத்தை விட்டு நகரவில்லை.

என்னை உலுக்கியது என்ன தெரியுமா? இந்த விதிகள் எல்லாமே வெறும் எண்ணிக்கைதான். க³ என்றால் க மூன்று தடவை பெருக்கப்பட்டிருக்கிறது. க⁴ என்றால் நான்கு தடவை. இரண்டையும் பெருக்கினால் மொத்தம் ஏழு தடவை. க⁷. இதில் விதி எங்கே இருக்கிறது? மூன்று பேரும் நான்கு பேரும் ஏழு பேர். ஆனால் அந்தச் சின்ன எண்ணிக்கையைச் செய்துவிட்டால் பெருக்கல் கூட்டலாகிவிடுகிறது. வகுத்தல் கழித்தலாகிவிடுகிறது. அடுக்கின் மேல் அடுக்கு வந்தால் வெறும் பெருக்கல் வாய்ப்பாடு போதும். ஒவ்வொரு கடினமான வேலையும் ஒரு மாடி இறங்கி நம் கைக்கு எட்டுகிற இடத்துக்கு வந்துவிடுகிறது.

இதைப் பேத்திக்குச் சொல்லப் போய்த்தான் என் அப்பாவின் நினைவு வந்தது. அவர் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி ஒப்பித்தவர். வீட்டில் அவர் சொல்லிக்கொண்டிருந்த முகத்தல் அளவைகள் எனக்கு இன்னும் தலைகீழாக வரும். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி, அதாவது படி. எட்டு நாழி ஒரு குறுணி. எங்கள் பக்கத்தில் மரக்கால் என்றால்தான் எல்லோருக்கும் புரியும். இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம்.

நோட்டை எடுத்து எழுதிப் பார்த்தேன். ஆழாக்கை ஒன்று என்று வைத்தால், உழக்கு 2¹. உரி 2². நாழி 2³. எட்டு நாழி என்பதில் எட்டும் 2³ அல்லவா, ஆகவே குறுணி 2³ × 2³, 2⁶. பதக்கு 2⁷. தூணி 2⁸. கலம் மட்டும் 3 × 2⁸. அந்த மூன்று எங்கிருந்தோ வந்து குறுக்கே விழுந்திருக்கிறது. நான் வாழ்நாள் முழுக்க மண்டியில் கேட்ட சொற்கள் வரிசையாக இரண்டின் அடுக்குகளாக நின்றன! எழுந்து நின்றுவிட்டேன், நிஜமாகவே.

இப்போது விதிகளை இதில் ஓட்டிப் பாருங்கள். ஒரு தூணியில் எத்தனை உரி? பழைய ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு உரியிலிருந்து நாழி, நாழியிலிருந்து குறுணி என்று ஏறுவார்கள். நமக்கு அது வேண்டாம். எட்டிலிருந்து இரண்டைக் கழி: ஆறு. 2⁶. அறுபத்து நான்கு உரி. ஒரு பதக்கில் எத்தனை உழக்கு? ஏழில் ஒன்று போனால் ஆறு. மறுபடியும் அறுபத்து நான்கு. பேத்தி இதைப் பிடித்துக்கொண்ட வேகம் இருக்கிறதே! "அப்ப குறுணிக்கு ஆழாக்கும் அறுபத்து நாலு, தூணிக்கு உரியும் அறுபத்து நாலு. ஆறு இருந்தாப் போதும், எது எதுங்கிறது முக்கியமில்லே, இல்லையா தாத்தா?" என்றாள். அதுதான் கண்ணு, அதேதான். பெயர்கள் உதிர்ந்து இடைவெளி மட்டும் மிஞ்சுகிறது. இயற்கணிதம் என்கிறார்களே, அது இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

பிள்ளைகள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. க⁰ ஏன் ஒன்று? பூஜ்யம் தடவை பெருக்கினால் பூஜ்யம்தானே வர வேண்டும்? 'வரையறையின்படி ஒன்று' என்று சொல்லி மேலே போய்விடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. அளவைகளில் இறங்கி வாருங்கள். நாழி 2³, எட்டு. உரி 2², நான்கு. உழக்கு 2¹, இரண்டு. தலையில் இருக்கும் எண் ஒவ்வொன்றாகக் குறைகிறது. கையில் இருக்கும் நெல் பாதி பாதியாகக் குறைகிறது. அடுத்த பாதி ஆழாக்கு. அதன் தலையில் இருக்க வேண்டியது பூஜ்யம். கையில் இருப்பதோ சூனியம் இல்லை, முழுசாக ஓர் ஆழாக்கு நெல். 2⁰ = 1. இதற்கு மேல் யாரும் என்னிடம் நிரூபணம் கேட்க வேண்டாம்.

இன்னும் இறங்கலாம். ஆழாக்கில் பாதி 2⁻¹. அதில் பாதி 2⁻². மைனஸ் அடுக்கு என்றால் எண் மைனஸ் ஆகிவிடாது, துண்டு சிறிதாகும், அவ்வளவுதான். இந்தத் துண்டுகளுக்கும் நம்மிடம் பெயர் இருந்திருக்கிறது. அரை, 2⁻¹. கால், 2⁻². அரைக்கால், 2⁻³. வீசம், பதினாறில் ஒன்று, 2⁻⁴. அரைவீசம் 2⁻⁵, கால்வீசம் 2⁻⁶. காலைக் காலால் பெருக்கினால் வீசம் என்று அப்பா எண்சுவடியில் படித்தது, மைனஸ் இரண்டும் மைனஸ் இரண்டும் மைனஸ் நான்கு என்று பேத்தி படிப்பது. எழுதும் முறை வேறு, கணக்கு ஒன்று.

முந்திரி என்று ஓர் அளவு இருந்தது, முந்நூற்று இருபதில் ஒரு பங்கு. 320 என்பது 2⁶ × 5. காணி எண்பதில் ஒரு பங்கு; 80 என்பது 2⁴ × 5. காணியை முந்திரியால் வகுத்தால் ஐந்தும் ஐந்தும் அடிபட்டு, ஆறில் நான்கு போய், 2². நான்கு முந்திரி ஒரு காணி. அதற்கும் கீழே கீழ்முந்திரி, முந்திரியில் ஒரு முந்திரி. முந்திரியின் வர்க்கம் அது. (2⁻⁶ × 5⁻¹)² என்று எழுதி அவிழ்த்தால் 2⁻¹² × 5⁻². ஒரு லட்சத்து இரண்டாயிரத்து நானூறில் ஒரு பங்கு. இவ்வளவு பொடியான பங்குக்குக்கூடப் பெயர் வைத்துக் கணக்குப் பார்த்தவர்களுக்குப் பேரன் பேத்திகளாகப் பிறந்துவிட்டு, 'எனக்குக் கணக்கு வராது' என்று சொல்லலாமா?

வயலுக்கு வாருங்கள். டெல்டாவில் நிலத்தை ஏக்கரில் சொன்னால் பத்திரத்துக்கு, மாவில் சொன்னால் பேச்சுக்கு. 'மாவுக்கு எத்தனை மூட்டை கண்டது' என்றுதான் இன்றும் கேட்கிறோம். பன்னிரண்டு அடிக் கோலை வைத்து நீளமும் அகலமும் அளந்தால் ஒரு குழி. 12², 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. நூறு என்பது 10². ஆக ஒரு மா 12² × 10². பெருக்கலின் அடுக்கைப் பிரிக்கலாம் என்கிற விதியைத் திருப்பிப் போடுங்கள்: (12 × 10)². அதாவது 120². ஒரு மா என்பது பக்கத்துக்கு நூற்றிருபது அடி உள்ள ஒரு சதுரம்! திருநள்ளாறு பக்கம் தாளடி நட்டிருக்கும் நண்பர் ஒருவரிடம் டீக்கடையில் இதைச் சொன்னேன். அவர் கிளாசை வைத்துவிட்டுச் சிரித்தார். "ஏண்ணே, பரீட்சை பேத்திக்குத்தானே, உங்களுக்கு இல்லியே?" என்றார். ஆனால் அடுத்த நிமிடம் அவரே, "அப்ப நாலு மா ஒண்ணாக் கெடந்தா இருநூத்து நாப்பது அடி சதுரம். சரியாத்தான் இருக்கு" என்றார். அவர் (2 × 120)² போட்டுவிட்டார்; அவருக்குத் தெரியாது.

120² என்பது 14,400. இந்த எண்ணை நான் இன்னோர் இடத்திலும் பார்த்தேன். எண்சுவடிக் கணக்குப்படி 360 நெல் ஒரு செவிடு. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. எட்டு ஆழாக்கு ஒரு நாழி. பெருக்கலாம். 360 என்பது 2³ × 3² × 5. அதோடு ஒரு 5, அதோடு ஒரு 2³. இரண்டின் தலைகளைக் கூட்டினால் ஆறு, ஐந்தின் தலைகளைக் கூட்டினால் இரண்டு: 2⁶ × 3² × 5². அதுவும் 14,400! ஒரு மாவில் எத்தனை சதுர அடியோ, ஒரு படியில் அத்தனை நெல். சதுர அடிக்கு ஒரு நெல்மணி வீதம் எடுத்து வைத்தால் ஒரு மாவுக்குச் சரியாக ஒரு படி. இதில் ஏதோ ரகசியம் இருப்பதாக நான் வாட்ஸப்பில் பரப்பப் போவதில்லை, தற்செயலாகத்தான் இருக்கும். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

விடவில்லை. கலத்துக்கும் போட்டேன். கலம் 3 × 2⁸ ஆழாக்கு. ஆழாக்கு 5 × 360 நெல், அதாவது 2³ × 3² × 5². மொத்தம் 2¹¹ × 3³ × 5². பெருக்கிப் பார்த்தால் 13,82,400 நெல்மணிகள். எண்ணாகப் பார்த்தால் அது ஏழு இலக்கம், மண்டையில் நிற்காது. அடுக்காகப் பார்த்தால் மூன்று பகா எண்களும் அவற்றின் தலையில் மூன்று சின்ன எண்களும். கலத்தை எதால் வகுக்க முடியும், எதால் முடியாது என்பது பார்த்தவுடன் தெரிகிறது. ஏழு பேருக்கு மீதி வராமல் பிரிக்க முடியாது. ஏழு அதில் இல்லை. ஒன்பது பேருக்கு முடியும். 3² உள்ளே இருக்கிறது. இப்படி எழுதினால் எண்ணின் வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் வெளியே தெரிந்துவிடுகிறது.

காரைக்கால்காரன் பிரெஞ்சுக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியுமா? தலைக்கு மேல் சின்னதாக எண்ணை எழுதும் இந்த வழக்கம் அவர்கள் வீட்டுச் சொத்து. ரெனே தெக்கார்த் 1637-இல் வெளியிட்ட 'லா ஜியோமெத்ரி' நூலில்தான் இன்று நாம் எழுதுகிற வடிவம் நிலைபெற்றது. வேடிக்கை, அவர் மூன்றிலிருந்துதான் அப்படி எழுதினார். வர்க்கத்தைப் பெரும்பாலும் எழுத்தை இரண்டு முறை பக்கத்தில் பக்கத்தில் போட்டே முடித்துக்கொண்டார். 1739-இல் தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலைப் பெற்றபோது அந்த எழுத்துமுறைக்கு நூறு வயது ஆகியிருந்தது.

அவருக்கும் முன்னால் ஒருவர் இருக்கிறார். அவரைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கிறது. லியோன் நகரத்து நிக்கோலா ஷுகே. 1484-இல் அவர் எழுதிய கையெழுத்துப் பிரதியில் 1, 2, 4, 8 என்று இரட்டித்துப் போகும் ஒரு வரிசையும், அதற்கு இணையாக 0, 1, 2, 3 என்று இன்னொரு வரிசையும் இருக்கின்றன. இந்த வரிசையில் பெருக்கினால் அந்த வரிசையில் கூட்டல் என்று அவர் கண்டுகொண்டார். பூஜ்ய அடுக்கும் மைனஸ் அடுக்கும்கூட அவரிடம் உண்டு. பாவம், 1880 வரை அது அச்சேறவேயில்லை. என் நோட்டில் ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி என்று எழுதி வைத்திருக்கும் வரிசையும் அவருடைய வரிசையும் ஒன்றே. எங்கள் அப்பாவையும் ஷுகேயையும் ஒரு திண்ணையில் உட்கார வைத்திருந்தால் மொழி தெரியாமலே அரை மணி நேரம் பேசியிருப்பார்கள்.

பிரெஞ்சுப் புரட்சி 1795-இல் கொண்டு வந்த மெட்ரிக் முறையும் அடுக்குதான், பத்தின் அடுக்கு. கிலோ 10³, மில்லி 10⁻³. ஒரு கிலோமீட்டரில் எத்தனை மில்லிமீட்டர்? மூன்றிலிருந்து மைனஸ் மூன்றைக் கழித்தால் ஆறு, பத்து லட்சம். இந்தியாவில் 1956-இல் சட்டம் வந்து, நம் ஆழாக்கும் மரக்காலும் கடைத்தெருவை விட்டுப் போயின. வியாபாரத்துக்கு அது நல்லது. ஊருக்கு ஊர் மரக்கால் மாறிக்கொண்டிருந்த காலத்துச் சண்டைகளைக் கேட்டவன் நான். ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பத்தைவிட இரண்டுதான் நல்லது என்பது என் கட்சி. பத்தின் அடுக்கில் பூஜ்யங்களை எண்ணிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். இரண்டில் அது நடக்காது. என்ன நடக்கிறது என்று புரிந்தால்தான் கை ஓடும்.

எந்தக் காதலிலும் ஒரு கண்டிப்பு இருக்க வேண்டும். அடுக்கு விதிகளின் கண்டிப்பு கூட்டலில் இருக்கிறது. பெருக்கலுக்கு இவ்வளவு இளகிக் கொடுக்கும் விதிகள் கூட்டல் குறியைக் கண்டால் அசையாது. க² + க³ என்று எழுதி அதைக் க⁵ ஆக்கும் பிள்ளைகள் தெருவுக்கு நான்கு பேர் உண்டு. பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் அப்படிப் போட்டான். அவனிடம் கேட்டேன்: "தம்பி, ஒரு குறுணி நெல்லும் ஒரு பதக்கு நெல்லும் சேர்த்தா எவ்வளவு?" 2⁶ + 2⁷. அடுக்குகளைக் கூட்டி 2¹³ என்றால் 8,192 ஆழாக்கு, பத்துக் கலத்துக்கு மேலே போய்விடும்! உண்மையில் ஒரு குறுணியும் இரண்டு குறுணியும் மூன்று குறுணி, 3 × 2⁶, 192 ஆழாக்கு. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் இருக்கிறாரே முக்குறுணிப் பிள்ளையார், அந்த முக்குறுணி. பொதுவாக இருக்கும் 2⁶-ஐ வெளியே எடுக்கலாம், 2⁶(1 + 2) என்று. அதற்கு மேல் உருக்க முடியாது. பையன் பிள்ளையாரை மறக்க மாட்டான் என்று நினைக்கிறேன்.

கூட்டலுக்கு அசையாத அந்தப் பிடிவாதத்தில்தான் பெரிய கணக்குகள் ஒளிந்திருக்கின்றன. ராமானுஜன் சொன்ன 1729-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 12³ + 1³ என்றும் எழுதலாம், 10³ + 9³ என்றும் எழுதலாம். இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுத முடிகிற எண்களில் அதுதான் மிகச் சிறியது. அடுக்குகளைக் கூட்டலிலும் ஒட்டிவிடலாம் என்றிருந்தால் அந்த எண்ணுக்கு ஒரு சிறப்பும் இருந்திருக்காது. அவர் வளர்ந்த கும்பகோணத்தைத் தொட்டுக்கொண்டு வரும் அரசலாறுதான் எங்கள் ஊரில் வந்து கடலில் சேர்கிறது. அந்தப் பெருமையை யாராவது என்னிடம் மறுக்கட்டும், பார்க்கலாம்.

இன்னும் இரண்டு கண்ணிகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். 2க³ வேறு, (2க)³ வேறு. முதலாவதில் அடுக்கு க-வுக்கு மட்டும், இரண்டாவதில் 8க³. −3² வேறு, (−3)² வேறு. முன்னது −9, பின்னது 9. அடைப்புக்குறியைப் பார்க்காமல் ஓடுகிறவர்களைக் குப்புறத் தள்ளுவதற்கென்றே கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் இவற்றை வைத்திருக்கிறார்கள். நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் வைப்பேன்.

மண் பரிசோதனை அட்டையில் பி.எச். என்று ஓர் எண் போட்டுத் தருகிறார்களே, அதுவும் அடுக்குதான். ஏழு என்றால் 10⁻⁷, எட்டு என்றால் 10⁻⁸. ஏழிலிருந்து எட்டுக்குப் போனால் ஒன்றுதானே கூடியது என்று நினைக்கக்கூடாது. அமிலத்தன்மை பத்தில் ஒரு பங்காகிவிட்டது. கடலோர மண்ணை வைத்துக்கொண்டு பாடுபடுகிற எங்கள் விவசாயிகளுக்கு இந்த ஒரு வரியை யாராவது அட்டையிலேயே அச்சடித்துக் கொடுத்தால் புண்ணியம்.

நான் இன்னும் என் செல்லக் கணக்கைச் சொல்லவில்லை. தேர்வுகளில் காலங்காலமாகச் சுற்றி வரும் ஒன்று. இதோ:

(க⁷ ÷ க⁴)¹¹ × (க⁴ ÷ க²)⁶ × (க² ÷ க⁷)⁹

முதல் அடைப்புக்குறிக்குள் க³. பதினொன்றால் பெருக்க, க³³. அடுத்ததில் க², ஆறால் பெருக்க, க¹². மூன்றாவதில் இரண்டிலிருந்து ஏழு போய் க⁻⁵. ஒன்பதால் பெருக்க, க⁻⁴⁵. முப்பத்து மூன்றும் பன்னிரண்டும் நாற்பத்தைந்து. அதிலிருந்து நாற்பத்தைந்து போனால்?

க⁰. ஒன்று!

முதன்முதலாகப் பேத்தி இதைப் போட்டு முடித்தபோது, "அய்யய்யோ, எல்லாம் போச்சு தாத்தா!" என்று கத்தினாள். க எந்த எண்ணாக இருந்தாலும் சரி, பூஜ்யமாக மட்டும் இல்லாவிட்டால், விடை ஒன்றுதான். ஏழு, நான்கு, இரண்டு என்ற எண்களிலும் மந்திரம் எதுவும் இல்லை. வேறு எந்த மூன்று எண்களை எடுத்துக்கொண்டாலும் நடக்கும். வெளியே இருக்கும் பதினொன்று, ஆறு, ஒன்பது ஆகியவை ஏழும் நான்கும், நான்கும் இரண்டும், இரண்டும் ஏழும் கூட்டி வந்தவை என்பதைக் கவனித்தால் போதும். இரண்டு எண்களின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் பெருக்கினால் வர்க்கங்களின் வித்தியாசம் வரும். 49-இல் 16 போகிறது, 16-இல் 4 போகிறது, 4-இல் 49 போகிறது. வட்டமாக நின்று கடனைத் தீர்த்துக்கொண்டு எல்லோரும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மண்டிக் கணக்கில் இப்படி ஒரு நாள் சுத்தமாக முடிந்திருந்தால் நான் ஊருக்கே மிட்டாய் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

பள்ளிக்கூடங்களில் ஏழு விதிகளையும் ஒரு கட்டம் கட்டி முதல் நாளே எழுதிப் போட்டு ஒப்பிக்கச் சொல்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரே ஒரு விதி போதும். பெருக்கினால் அடுக்குகளைக் கூட்டு. மற்ற எல்லாம் இதற்குள்ளிருந்து தானாக முளைக்கும். வகுத்தல் அதைத் திருப்பிப் போட்டது. பூஜ்யமும் மைனஸும் அதில் இறங்கி வந்தவை. அடுக்கின் மேல் அடுக்கு அதையே திரும்பத் திரும்பச் செய்தது. பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கும் சந்தோஷத்தை ஒரு கட்டத்துக்குள் அடைத்து முன்கூட்டியே கொடுத்துவிட்டால் பிறகு அவளுக்கு என்னதான் மிச்சம்?

மிச்சம் நிறையவே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மேல்வகுப்புப் புத்தகத்தை எட்டிப் பார்த்தேன். அடுக்கில் பின்னம் வருகிறது! 2-இன் அரையாம் அடுக்கு. அரைத் தடவை எப்படிப் பெருக்குவது என்று மலைக்காதீர்கள். அதே ஒற்றை விதியை வையுங்கள்: அரையும் அரையும் ஒன்று. ஆகவே அதை அதனாலேயே பெருக்கினால் 2 வர வேண்டும். அப்படியானால் அது இரண்டின் வர்க்கமூலம். குறுணி 2⁶, பதக்கு 2⁷. இரண்டுக்கும் நட்டநடுவே, ஆறரையாம் அடுக்கில், ஒரு மரப்பாத்திரம் செய்தால் அதில் எவ்வளவு பிடிக்கும்? குறுணியையும் பதக்கையும் கூட்டிப் பாதியாக்கினால் 96 ஆழாக்கு. ஆனால் அடுக்கில் நடு அது இல்லை. 64-ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும், தொண்ணூறரை ஆழாக்கு அளவில் வரும். குறுணியிலிருந்து அதற்கு எத்தனை மடங்கோ, அதிலிருந்து பதக்குக்கும் அதே மடங்கு. இப்படி ஒரு மரக்காலை ஆசாரி ஒருவரிடம் செய்யச் சொல்லலாமா என்று யோசித்தேன். வீட்டில் கேட்டதற்கு, "அரிசி அளக்கவா, பைத்தியம் அளக்கவா?" என்றார்கள்.

ஆசாரி இருக்கட்டும். இதை மட்டும் நீங்கள் போட்டுப் பாருங்கள், காகிதமும் பேனாவும் போதும்:

(3க²ச⁻¹)³ × ச⁵ ÷ (3க³ச)²

அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கும் மூன்று உள்ளே இருக்கும் 3-ஐயும் தொட வேண்டும், அதை விட்டுவிடாதீர்கள். சரியாகப் போட்டால் க-வும் இருக்காது, ச-வும் இருக்காது. ஒரு கலத்துக்கு எத்தனை தூணியோ அந்த எண் மட்டும் நிற்கும்.